களை யாருக்குக் களை?

பண்டிதர் அயோத்திதாசர் நினைவாகக் குப்பனூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



பண்டிதரின் நினைவுச் சொற்பொழிவை இந்த ஆண்டு குப்பனூரில் வைத்துக்கொள்வோம் என்று நண்பர்கள் சொன்னபோது எங்களுக்கு மகிழ்ச்சி. பேசப் போவது நீங்கள்தான் என்று சொன்னபோது தயக்கம். நாங்கள் ஆய்வாளர்கள் இல்லை. மலையடிவாரத்துச் சேரிகளிலிருந்து படிக்கப் போனவர்கள், படிப்பைப் பாதியில் விட்டவர்கள், இன்றைக்கும் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு காட்டு வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து நடத்தும் ஒரு வாசிப்பு வட்டம். இந்த உரையை ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் கூடி உட்கார்ந்து எழுதினோம். வாசிப்பது ஒருவர், பேசுவது நாங்கள் எல்லாரும்.

எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தோம். அது களை எடுப்பது.

மருத்துவர் பார்த்த செடி

1845 இல் பிறந்து 1914 இல் மறைந்த பண்டிதரை நாம் பூர்வ பௌத்தத்தைப் பேசியவராக, 1907 இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவராக நினைவுகூர்கிறோம். அவர் சித்த மருத்துவரும்கூட. மூலிகை தெரிந்தவருக்கு எந்தச் செடியும் வெறும் களை இல்லை. குப்பைமேட்டில் முளைக்கும் குப்பைமேனியை அரைத்துச் சிரங்குக்குப் போடுவார்கள். வரப்போரத்துக் கீழாநெல்லியை மஞ்சள்காமாலைக்குக் கொடுப்பார்கள். மூக்கிரட்டையும் துத்தியும் கரிசலாங்கண்ணியும் அப்படித்தான். மருத்துவர் தேடிப் பறிக்கும் அதே செடியை விவசாயி பிடுங்கி வரப்பில் எறிகிறார்.

பண்டிதரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய இன்னொரு பழக்கம் உண்டு. ஒரு சொல்லை யார், யார்மீது, எதற்காகச் சூட்டினார்கள் என்று விசாரிக்காமல் அவர் விடுவதில்லை. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நம் மக்களை 'ஆதித் தமிழர்' என்று பதியச் சொன்னவர் அவர். அடுத்தவர் வைத்த பெயரைக் கேள்வியில்லாமல் சுமக்காதே என்பதுதான் அதன் பொருள். அந்த விசாரணையை 'களை' என்ற சொல்லிடம் நடத்திப் பார்ப்பதே இன்றைய உரை.

குப்பனூர் என்ற பெயரைக் கேட்டாலே எங்களுக்குக் குப்பன்களும் குப்பாயிகளும் நினைவுக்கு வருகிறார்கள். பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்துப் பிறந்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்து அந்தப் பெயரை வைப்பார்கள். குப்பை என்று நினைத்து எமன் விட்டுவிட்டுப் போய்விடுவான் என்று நம்பிக்கை. ஒதுக்கப்பட்ட பெயர் உயிரைக் காப்பாற்றியது. ஒதுக்குகிறவன் பார்வை ஒன்று, பெற்றவள் பார்வை இன்னொன்று. களைக்கும் இப்படி இரண்டு பார்வைகள் உண்டு.

பகலில் களை, இரவில் குழம்பு

சோளக்காட்டிலும் கடலைக்காட்டிலும் களை வெட்டப் போகும் எங்கள் அம்மாக்கள் சாயங்காலம் மடி நிறையக் கீரையோடு வருவார்கள். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமிட்டிக்கீரை. இவற்றை யாரும் விதைத்ததில்லை, யாரும் தண்ணீர் பாய்ச்சியதில்லை. காட்டுக்காரருக்கு அவை பயிரின் உரத்தைத் தின்னும் களை. கூலிக்குப் போனவளுக்கு அன்றிரவுக் கடைசல். அதே செடி, அதே மண். வரப்புக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

இப்போது அந்தக் கீரை குறைந்துவிட்டது. கையால் களை எடுத்த இடத்தில் களைக்கொல்லி வந்துவிட்டது. மருந்தடித்த காட்டில் கீரை பறிக்க முடியாது. கூலியும் போயிற்று, கீரையும் போயிற்று. ஒரு மருந்துப் புட்டி வந்ததில் எங்கள் வீடுகளில் இரண்டு வரும்படிகள் நின்றன. விவசாயக் கணக்கில் இது செலவு மிச்சம் என்று எழுதப்படும். எங்கள் அடுப்புக் கணக்கை யாரும் எழுதுவதில்லை.

ஆக, ஒன்றைத் தெளிவாகச் சொல்லிக்கொள்வோம். 'களை' என்பது செடியின் பெயர் இல்லை. நிலத்தை வைத்திருப்பவர் ஒரு செடியைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பு அது. குறளிலேயே கொடியவரை அரசன் தண்டிப்பது பைங்கூழில் களை எடுப்பதற்கு ஒப்பாகச் சொல்லப்படுகிறது. தீர்ப்புச் சொல்கிறவன் கையில் களைக்கொத்து இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

வந்த செடிகள், வரவழைத்தவர்கள்

இதைக் கேட்டு, 'அப்படியானால் எல்லாச் செடியும் நல்ல செடிதானா?' என்று மாணவர்கள் கேட்பார்கள். இல்லை. இந்த ஊரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்கு ஏறிப் பாருங்கள். சாலையின் இரண்டு பக்கமும், கைவிட்ட தோட்டத்திலும், காட்டோரத்திலும் புதர் புதராக உண்ணிச்செடி. மஞ்சளும் சிவப்பும் ஊதாவுமாகப் பூ. சிறுபிள்ளைகள் அதன் கறுத்த பழத்தைப் பறித்துத் தின்போம், நாக்கு ஊதாவாகும். அழகான செடிதான். அழகுக்காகத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்க வெப்ப நாடுகளில் பிறந்து, ஐரோப்பியத் தோட்டங்களில் பல நிறங்களில் ஒட்டுக் கலந்து, 1800களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்த செடி அது. வெள்ளைக்கார வீட்டு வேலியிலிருந்து தாண்டிக் காட்டுக்குப் போயிற்று. 2020 இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியக் காடுகளில் சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டரில் இது பரவியிருப்பதாகக் கணித்தது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பை விட அது அதிகம்.

அடுத்தது சீமைக்கருவேலம். வேலிக்காத்தான் என்றும் சொல்வோம். காமராசர் ஆட்சியில் விமானத்திலிருந்து தூவினார்கள் என்று ஊருக்கு ஊர் ஒரு கதை உண்டு. ஆனால் அந்த மரம் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. சென்னை மாகாண வனத்துறையில் அதிகாரியாக இருந்த பெட்டோம் 1876 இல் விதை கேட்டு எழுதினார். ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. 1877 இல் கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் நட்டார்கள். வறண்ட நிலத்தில் விறகு வேண்டும் என்பது நோக்கம்.

அந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். 1876 முதல் 1878 வரை தாது வருசப் பஞ்சம். கடப்பையும் நம் சேலமும் கடுமையாக அடிபட்ட மாவட்டங்கள். 1871 கணக்கெடுப்பில் இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை 1881 இல் பெருமளவு குறைந்திருந்தது. நிலமில்லாதவர்கள்தான் முதலில் செத்தார்கள். மக்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்ற அதே காலத்தில் அரசாங்கம் விறகுக்கு விதை தேடியது. அடுத்த சில ஆண்டுகளில், 1882 இல், சென்னை வனச் சட்டம் வந்தது. காட்டில் விறகு பொறுக்குவதும் ஆடு மேய்ப்பதும் தழை ஒடிப்பதும் அனுமதிக்கு உட்பட்டவை ஆயின. ஒரு பக்கம் பழைய காடு பூட்டப்பட்டது. இன்னொரு பக்கம் முள்மரம் நமக்குக் காடாகக் கொடுக்கப்பட்டது. இன்றுவரை தென்மாவட்டங்களில் எத்தனையோ ஏழைக் குடும்பங்களின் விறகும், கரிமூட்டக் கூலியும் அந்த மரத்தில்தான்.

மூன்றாவது பார்த்தீனியம். 1950களின் நடுவில் புனேயில் முதலில் கவனிக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையோடு கலந்து வந்தது என்று சொல்லப்படுகிறது. வடக்கே இதற்குக் காங்கிரஸ் புல் என்று பெயர். கேரளத்தில் வேறொரு அயல் செடிக்குக் கம்யூனிஸ்ட் பச்சை என்று பெயர். பிடிக்காதவர் பெயரைப் பிடிக்காத செடிக்கு வைப்பது மனிதர் வழக்கம். அதற்கு நேர்மாறான வழக்கமும் உண்டு. செடியின் பெயரை மனிதருக்கு வைப்பார்கள். அங்கேதான் ஆபத்து.

பிறப்பா, செயலா?

'அந்நியச் செடி', 'மண்ணின் மரம்', 'நாட்டு இனம்', 'தூய மண்' என்ற பேச்சு இப்போது ஊரெல்லாம் கேட்கிறது. பேசுகிறவர்களில் நல்ல நோக்கம் உள்ளவர்கள் பலர் உண்டு. ஆனாலும் இந்தச் சொற்களைக் கேட்கும்போது சேரியில் பிறந்த காது கொஞ்சம் நிமிரும். மண்ணுக்கு உரியவர், மண்ணுக்கு அந்நியர், தூய்மை, கலப்பு ஆகிய சொற்கள் நம்மீது எப்படிப் பயன்படுத்தப்பட்டன என்பது நமக்குத் தெரியும்.

உலகத்தில் இது நடந்திருக்கிறது. 1942 இல் நாஜி ஜெர்மனியில் தாவரவியலாளர் குழு ஒன்று, காசித்தும்பை இனத்தைச் சேர்ந்த ஒரு சிறிய காட்டுச் செடியை ஆசியாவிலிருந்து வந்த படையெடுப்பாளன் என்று அறிவித்து, அதை அடியோடு ஒழிக்கும் போருக்கு அழைப்பு விடுத்தது. போல்ஷெவிசத்துக்கு எதிரான போரோடு அதை ஒப்பிட்டது. அதே ஆண்டுகளில் அதே நாட்டில் மனிதர்களை எப்படிக் 'களையெடுத்தார்கள்' என்பது வரலாறு.

பிறந்த இடத்தை வைத்துச் செடியைத் தள்ளுவது என்றால் சேலத்துக்காரர்கள் பட்டினிதான் கிடக்க வேண்டும். நம் மாவட்டத்தின் ஜவ்வரிசி ஆலைகளுக்கு வாழ்வு தரும் மரவள்ளி தென்னமெரிக்காவில் பிறந்தது. மிளகாய், தக்காளி, நிலக்கடலை, பப்பாளி எல்லாம் அமெரிக்கக் கண்டங்களின் பிறப்பு. மலையில் காப்பி ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா வழியாக வந்தது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் அதை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். இவற்றை யாரும் ஆக்கிரமிப்புச் செடி என்று சொல்வதில்லை. இவற்றுக்கு உடைமையாளர் இருக்கிறார். உடைமையாளர் உள்ள அயல்செடி பயிர். இல்லாத அயல்செடி களை என்பதுதான் நடைமுறையாக இருக்கிறது.

அப்படியானால் உண்ணிச்செடி குற்றமற்றதா? இல்லை. அதன் இலையைப் பசியில் தின்ற ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஈரல் கெடும். வெயில் பட்ட இடத்தில் தோல் வெடிக்கும். எங்கள் வீடுகளில் மாடு இழந்தவர்கள் இருக்கிறார்கள். அது அடர்ந்த இடத்தில் புல் முளைக்காது; மரக்கன்று எழாது. கோடையில் காய்ந்த புதர், தீயைத் தரையிலிருந்து மரக்கிளைக்கு ஏற்றிவிடும். தீ போன பிறகு மற்றச் செடிகளுக்கு முன்னால் அதுவே துளிர்க்கும். பார்த்தீனியத்தைத் தொட்டால் பலருக்குத் தோல் தடிக்கும். சிலருக்கு மூச்சு இழுக்கும். ஒரு செடியில் பதினைந்தாயிரத்துக்கு மேல் விதை. சீமைக்கருவேலம் மேய்ச்சல் நிலத்தையும் ஏரி வரத்து வாய்க்காலையும் மூடுகிறது. இவை செய்யும் கேடு உண்மை.

ஆக, பிறப்பால் அல்ல, செயலால் அளக்க வேண்டும். பிறப்பால் யாரும் இழிந்தவர் ஆவதில்லை, செயலால்தான் ஆகிறார் என்ற புத்தரின் போதனை வசல சூத்திரத்தின் சாரம். பண்டிதர் நமக்குத் திறந்து காட்டிய வழி அது. மனிதருக்கு மட்டும் இல்லாமல் செடிக்கும் அந்த அளவுகோல் பொருந்தும். எங்கிருந்து வந்தாய் என்ற கேள்வியை விடுவோம். மற்றவற்றை வாழ விடுகிறாயா என்று கேட்போம். ஒரே செடி, ஒரே நிறம், ஒரே ஆட்சி என்று காட்டை மூடுவதுதான் உண்ணிச்செடியின் குற்றம். அந்தக் குற்றத்தை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம்.

களை எடுக்கும் கை

களை எடுப்பதைப் பற்றிய புத்தகங்களில் செடி இருக்கும், கருவி இருக்கும், மருந்தின் அளவு இருக்கும். கை இருக்காது. எங்கள் வட்டத்தில் ஒரு தோழியின் அம்மா மலையில் ஒரு தோட்டத்தில் இருபது ஆண்டுகள் களை வேலை செய்தவர். முதலில் கொத்து. பிறகு முதுகில் தெளிப்பான். முகமூடியும் கையுறையும் கொடுத்ததில்லை; சேலை முந்தானைதான் முகமூடி. சாயங்காலம் அதே கையால் பிள்ளைக்குச் சோறு ஊட்டினார். புட்டியில் எழுதியிருந்தது அவருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த மேஸ்திரி படித்துச் சொல்லவில்லை.

2015 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்று வகைப்படுத்தியது. 2022 அக்டோபரில் இந்திய அரசு, பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டுமே அதைத் தெளிக்கலாம் என்று கட்டுப்பாடு விதித்தது. பாராகுவாட் என்ற இன்னொரு மருந்து உள்ளே போய்விட்டால் மாற்று மருந்தே கிடையாது. காகிதத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. காட்டில் தெளிப்பான் யார் முதுகில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். சாக்கடையில் இறக்கப்படும் உடம்பும் மருந்தடிக்க அனுப்பப்படும் உடம்பும் பெரும்பாலும் ஒரே தெருவிலிருந்துதான் போகின்றன. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் இல்லை, வேலை செய்பவர்களின் பிரிவினை என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். நஞ்சைச் சுமக்கும் பிரிவினையும் அதற்குள் அடக்கம்.

எப்படி எடுப்பது

எதிர்ப்பதோடு நின்றுவிடாமல், எப்படிச் செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும். களை எடுத்த அனுபவமும் படித்ததும் சேர்த்துச் சொல்கிறோம்.

உண்ணிச்செடியைத் தரைக்கு மேல் வெட்டினால் பயனில்லை; ஒன்று பத்தாகத் துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினர் வகுத்த முறை எளிமையானது. மண்ணுக்குள் இரண்டு மூன்று விரற்கடை ஆழத்தில், வேர் தொடங்கும் முடிச்சுக்குக் கீழே வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். மருந்து தேவையில்லை. காய் பிடிக்கும் முன் செய்ய வேண்டும். பறவை எச்சத்தில் விதை வந்துகொண்டே இருக்கும் என்பதால் உயர்ந்த மரங்களின் அடியில் இரண்டு மூன்று ஆண்டுகள் நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். காலியான இடத்தில் உடனே உள்ளூர்ப் புல்லும் மரமும் வரவேண்டும். வெறும் மண்ணை விட்டால் அது திரும்பும்.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். கையுறை இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது. பூக்காத செடியை மட்கவைத்து எருவாக்கலாம். ஆவாரை, தகரை போன்றவை அடர்ந்த இடத்தில் பார்த்தீனியம் தலைதூக்கச் சிரமப்படும். 1984 இல் பெங்களூரில் விடப்பட்ட ஒரு மெக்சிகோ வண்டு மழைக்காலத்தில் அதன் இலையைத் தின்று உதவுகிறது.

பூச்சியால் எல்லாம் முடியுமா என்றால், ஒரு முறை முடிந்திருக்கிறது. சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். கிழக்கிந்தியக் கம்பெனி சிவப்புச் சாயத்துக்காக 1795 இல் ஒரு பூச்சியைக் கொண்டுவந்தது. வந்தது தப்பான பூச்சி; சாயம் கிடைக்கவில்லை, ஆனால் ஒரு வகைக் கள்ளியை அது அழித்தது. 1926 இல் இன்னொரு பூச்சியை இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டபோது, தென்னிந்தியாவில் பெருமளவு நிலத்தைச் சில ஆண்டுகளில் கள்ளியிடமிருந்து மீட்டார்கள். ஆனால் உண்ணிச்செடிக்கு 1921 முதல் பூச்சிகளை விட்டுப் பார்த்தும் அந்த வெற்றி கிடைக்கவில்லை. ஒரு செடிக்குப் பலித்தது இன்னொன்றுக்குப் பலிக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் கடைசியில் கைதான் வேண்டும். கைக்கு உரிய கூலியும் வேண்டும்.

வெட்டிய உண்ணிக்குச்சியை என்ன செய்வது? கர்நாடகத்தின் மலை மாதேஸ்வரா மலையில் சோளிகர் மக்கள் அதில் மேசையும் நாற்காலியும் செய்கிறார்கள். நீலகிரிக் கூடலூர்ப் பக்கம் பழங்குடித் தோழர்கள் உண்ணிக்குச்சியால் ஆளுயர யானைகளைச் செய்தார்கள். 2021 இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. களை என்று எறிந்ததில் கூலியும் மதிப்பும் பிறந்தன. அதே சோளிகர்கள் ஆய்வாளர்களிடம் இன்னொன்றும் சொன்னார்கள். காலத்தில் சிறு தீ வைத்துக் காட்டைப் பராமரிக்கும் தங்கள் வழக்கத்தை வனத்துறை தடுத்த பிறகுதான் உண்ணி இப்படிப் பெருகியது என்று அவர்கள் கருதுகிறார்கள். காட்டை அறிந்தவர்களை வெளியே தள்ளிவிட்டுக் காட்டைக் காப்பாற்ற முடியாது.

சுத்தமான நிலம் யாருக்கு?

இப்போது உரையின் மையத்துக்கு வருகிறோம்.

2017 இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டது. ஊரெங்கும் மண்வெட்டி இயந்திரங்கள் இறங்கின. விளைவை ஆராயாமல் அகற்றலாமா என்ற வழக்கில் அதே ஆண்டு இடைக்காலத் தடையும் வந்தது. 2022 இல் தமிழ்நாடு அரசு, ஆக்கிரமிப்புத் தாவரங்கள் குறித்தும் சூழல் மீட்பு குறித்தும் தனிக் கொள்கை வெளியிட்டது. நல்லது. ஆனால் இத்தனை விவாதத்திலும் ஒரு கேள்வி பெரிதாக எழவில்லை. முள் எடுத்த பிறகு அந்த நிலம் யாருக்கு?

1891 இல் பண்டிதர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டினார். அதே ஆண்டில் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். 1892 இல் அரசாணை வந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் பஞ்சமி நிலம் பிறந்த கதை அது. அப்போது நமக்குக் கொடுத்தது நன்செய் அல்ல. பெரும்பாலும் தரிசு, மேடு, முள். யாருக்கும் வேண்டாத நிலத்தை, யாருக்கும் வேண்டாதவர்களாக வைத்திருந்த மக்களுக்குக் கொடுத்தார்கள். நம் முன்னோர் கல்லைப் பொறுக்கி, முள்ளை வெட்டி அதை மண்ணாக்கினார்கள். மண்ணான பிறகு அது பறிபோயிற்று. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள்.

எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்கிறோம். ஊர் பெயர் வேண்டாம். சேரியை ஒட்டி ஆறேழு ஏக்கர் முள்காடு. எங்கள் பெண்களுக்கு விறகு, ஆடுகளுக்கு நிழல், கழிப்பறை இல்லாத காலத்தில் மறைப்பும் அதுதான். ஒரு நாள் இயந்திரம் வந்தது. சீமைக்கருவேலம் ஒழிப்பு, நல்ல காரியம் என்றார்கள். நாங்களும் நின்று பார்த்தோம், சிலர் கை தட்டினோம். நாலு நாளில் நிலம் வெளுத்தது. மரம் லாரியில் போயிற்று. ஐந்தாம் நாள் கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போட்டார்கள். நாங்கள் விறகு வெட்டிய இடத்தில் எங்கள் ஆடு நுழைந்தால் அபராதம்.

பிறகுதான் நாங்கள் படித்த படிப்புக்கு வேலை வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு அ-பதிவேட்டின் நகலைக் கேட்டோம். பழைய பதிவேட்டில் அது நம் மக்களுக்கு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலம் என்று இருந்தது. புதிய பதிவேட்டில் வேறு பெயர். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டு அலைந்துகொண்டிருக்கிறோம். வழக்கு முடியவில்லை. வேலியும் எடுக்கப்படவில்லை.

அந்த ஆண்டுகளில் முள் எங்கள் பத்திரத்தைத்தான் மூடி வைத்திருந்தது. முள் மூடிய நிலம் ஆளில்லாத நிலம் போலத் தெரியும். ஆளில்லாத நிலத்தில் முதலில் இயந்திரம் இறக்குகிறவன் ஆள் ஆகிறான். இதைச் சொல்வதால் முள்மரத்துக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று நினைக்க வேண்டாம். முள் போகட்டும். ஆனால் முள் போகும் நாளில் நம் கையில் பதிவேடு இருக்க வேண்டும்.

நாம் கேட்பது

நமது கோரிக்கைகள் சில. இவற்றை ஒவ்வொரு ஊர்க் கிராம சபையிலும் வைக்கலாம்.

முதலாவது, எந்தப் புறம்போக்கிலும் தரிசிலும் சீமைக்கருவேலத்தை அகற்றும் முன், அந்த நிலத்தின் பதிவேட்டு வரலாற்றைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். பஞ்சமி நிலம் என்றால் உரியவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும்.

இரண்டாவது, வெட்டும் வேலையை இயந்திரக் குத்தகைக்கு மட்டும் விடாமல் கூலித் தொழிலாளர்களுக்குக் கொடுக்க வேண்டும். மரம் விற்ற பணத்தில் சேரிக்கு உரிய பங்கு வேண்டும். கண்மாய் மீன் ஏலத்திலும் புளி ஏலத்திலும் நம்மை வெளியே நிறுத்திய பழக்கம் இங்கேயும் தொடரக் கூடாது.

மூன்றாவது, விறகை இழக்கும் பெண்களுக்கு மாற்று எரிபொருள் வந்த பிறகே விறகுக்காடு போக வேண்டும்.

நான்காவது, களைக்கொல்லி தெளிக்கிறவருக்குப் பயிற்சியும் பாதுகாப்பு உடையும் இல்லையென்றால் தெளிப்பு இல்லை.

ஐந்தாவது, மலையில் உண்ணியை அகற்றும் உரிமையும் திட்டமும் மலையாளிப் பழங்குடி மக்களின் கிராம சபைக்கு வேண்டும். 2006 வன உரிமைச் சட்டம் சமூகக் காட்டைக் காக்கவும் மீட்கவும் உரிமை தருகிறது. காட்டை ஒட்டி வாழும் தலித் குடும்பங்கள் அதே சட்டத்தில் 75 ஆண்டு வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டியிருக்கிறது. பதிவேட்டிலேயே பெயர் எழுதப்படாத மக்களிடம் 75 ஆண்டுப் பதிவைக் கேட்பது என்ன நியாயம்? அந்தச் சான்றைத் திரட்டுவதில் மாணவர்கள் பழங்குடி, தலித் குடும்பங்கள் இரண்டுக்கும் துணை நிற்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் ஊருக்குப் போங்கள். முள் அடர்ந்த ஒரு நிலத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதில் என்னென்ன செடி என்று எழுதுங்கள். பாட்டியைக் கேட்டு, அந்த இடத்தில் முன்பு என்ன முளைத்தது என்று எழுதுங்கள். பிறகு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய் அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது, முன்பு யார் பெயரில் இருந்தது என்று எழுதுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒன்றில் செடிகளின் வரலாறு இருக்கும். மற்றதில் நம் வரலாறு இருக்கும்.

எங்கள் அம்மாக்களுக்குக் களை எடுப்பதில் ஒரு நியாயம் உண்டு. பிடுங்கும் முன் குனிந்து பார்ப்பார்கள். பயிரா, களையா, கீரையா என்று பார்த்துத்தான் கை வைப்பார்கள். அவசரக் கைக்கு மூன்றும் ஒன்றாகத் தெரியும். இந்த நாட்டில் அவசரக் கைகள் அதிகம். குனிந்து பார்க்கும் கைகளாக நாம் இருப்போம். எடுத்த நிலத்தைக் கேட்கும் கைகளாகவும் இருப்போம்.